கலியாண வாழையும் வேலியோரப் பாத்தியும்

நான் அடிக்கடி கை கழுவுகிற ஆள். எங்கள் வீட்டில் என்னை வைத்துச் சிரிப்பதற்கு முதல் காரணம் அதுதான். கொக்குவில் வீட்டுக் குழாயடியில் வைக்கும் சவர்க்காரம் ஒரு கிழமை தாண்டினால் அதிசயம். "இவவின்ரை கையைச் சாத்திரிக்குக் காட்டிப் பிரயோசனமில்லை, ரேகை எல்லாம் தேய்ஞ்சு போச்சு" என்று என் கணவர் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். சொல்லட்டும். இருபது வருஷமாகப் பயிர் வைரசுகளோடு காலம் தள்ளுகிறவளுக்கு அது வியாதி இல்லை, தொழில். நோயான இலையைக் கசக்கிய விரலால் நல்ல இலையைக் கொஞ்சம் அழுத்தித் தொட்டாலே போதும், சாற்றோடு சாறாக நோய் போய் உட்கார்ந்துவிடும்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் கை கழுவ மறந்தேன். அதற்காக ஐந்து கிழமை உள்ளுக்குள் வெந்தேன்.

அந்த வருஷம் என் வலைவீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அந்தப் பயம் பயந்தேன் என்பது விளங்காது. வலைவீடு என்றால் பூச்சி நுழைய முடியாதபடி நுண்ணிய வலை அடித்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவு வைத்த கூடாரம். உள்ளே நான் வளர்த்துக்கொண்டிருந்தது வெள்ளரித் தேமல் வைரசு. பெயரில்தான் வெள்ளரி. வாழை, மிளகாய், புகையிலை, தக்காளி என்று அது ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. அதன் பரம்பரைச் சொத்து ஒரே துண்டாகவும் இல்லை. மூன்று துண்டு, மூன்றும் தனித்தனிப் பொதி. மூன்றும் ஒரே செடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் நோய்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைச் சனம்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும். நாலைந்து வீட்டு மூன்றடுக்குக் கரியர்கள் ஒரே குசினிக்குள் வந்து சேரும். கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அடுக்குகள் மாறிவிடும். நம் வீட்டு அடித்தட்டின் மேல் எதிர்வீட்டு நடுத்தட்டு இருக்கும். சில வேளை அச்சொட்டாகப் பொருந்தும். சில வேளை எவ்வளவு அமத்தினாலும் மூடி நிற்காது. உறவான இரண்டு வைரசுகள் ஒரே செடிக்குள் புகுந்தால் நடப்பதும் இதுதான். இதன் துண்டும் அதன் துண்டும் மாறிச் சேர்ந்து, முன்பு இல்லாத ஒன்று வெளியே வரும். அது பெற்றவற்றை விட நோஞ்சானாக இருக்கலாம். பெற்றவற்றை விடப் பொல்லாததாகவும் இருக்கலாம். எது எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவராலும் முடியாது. அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

வாழையிலிருந்து எடுத்த ஒன்றையும் மிளகாயிலிருந்து எடுத்த ஒன்றையும் ஒரே புகையிலைக் கன்றுக்குள் விட்டேன். பிறந்த கலப்புகளில் பெரும்பாலானவை சவலைகள். ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதை மிளகாய்க் கன்றுக்குக் கொடுத்தபோது பத்து நாளில் இலைகள் நூலாக ஒடுங்கி, கன்று நின்ற நிலையிலேயே குறாவிப் போயிற்று. அதைப் பெற்ற இரண்டும் மிளகாயில் அந்தளவு அழிவு செய்பவை இல்லை. குறிப்புப் புத்தகத்தில் அதற்கு ஓர் இலக்கம் எழுதி வைத்தேன். மனதுக்குள் மூதேவி என்றுதான் கூப்பிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அண்ணையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. தை மாதக் கடைசி. சுன்னாகத்துக்குத் தெற்கே செம்பாட்டு மண்ணில் அண்ணையின் வீடும் தோட்டமும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அந்த வருஷம் ஆயிரத்துக்கு மேல் மிளகாய்க் கன்று நட்டிருந்தார். அவரின் வீட்டில் கலியாணம் முடிந்த பிறகு வருஷம் முழுவதும் அடுப்பு எரிய வேண்டியது அந்தக் கன்றுகளை நம்பித்தான்.

கலியாணத்துக்கு வாசலில் கட்டும் வாழை மரங்களைத் தெரிவுசெய்வது என் பொறுப்பாயிற்று. "நீதானே செடிகொடி படிச்சனீ, நீ பாத்து எடு" என்று அண்ணை சொல்லிவிட்டார். நீர்வேலியில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு மணித்தியாலம் நின்று, தோட்டக்காரரின் பொறுமையைச் சோதித்து, இரண்டு மரத்தைத் தெரிவுசெய்தேன். குலை பெரிதாக இருக்க வேண்டும், சீப்பு நெருக்கமாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் இறங்கும்போதே குலையைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே இரண்டு கலியாண வீட்டில் அப்படிப் பார்த்துக் குறை சொல்லியிருக்கிறேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் வலைவீட்டுக்குத் தண்ணீர் விடுகிறவர் லீவு. நானே போய்த் தண்ணீர் விட்டு, வாடிய புகையிலை இலைகளைக் கிள்ளி எடுத்து, வெள்ளைக் கோட்டைக் கழற்றினேன். குழாயடிக்குத் திரும்புகிற நேரம் போன் அடித்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள்.

"எங்கை நிக்கிறீர்? இஞ்சை பலகாரம் சுட ஆளில்லாமல் நான் அந்தரப்படுறன். நிண்ட நிலையிலை வாரும்."

நின்ற நிலையிலேயே போனேன். ஸ்கூட்டரை அண்ணையின் வாசல் படலையடியில் விட்டுவிட்டு நேரே குசினிக்குப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. தொழில் புத்தி விட்டால்தானே. வேலியோரப் பாத்தியில் மிளகாய்க் கன்றுகள் தளதளவென்று நின்றன. இலைக்கு அடியில் அழுக்கணவன் இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு கன்றின் குருத்தையும் விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அழுக்கணவன் என்பது இலையில் சாறு குடிக்கும் சின்னப் பூச்சி. வைரசை ஊர் ஊராகக் காவுவது அதுதான். பாத்தி முடிகிற இடத்தில் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டின. மணந்து பார்த்தேன். புகையிலைப் பால்.

வலைவீட்டிலிருந்து கை கழுவாமலே வந்திருக்கிறேன். மச்சாள் குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். கிணற்றடியில் மூன்று தரம் கை கழுவிவிட்டுப் போய்ப் பயற்றம் பணியாரம் சுட்டேன். எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் குலையைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அதை விடப் பெரிய பாராட்டு ஏது? நாலாம் நாள் வாழைகளை அவிழ்த்தபோது அண்ணை றோட்டோரத்தில் போடப் பார்த்தார். மச்சாள் விடவில்லை. "நல்ல காரியத்துக்குக் கட்டினதை றோட்டிலை எறியிறதே? போறவாற சனத்தின்ரை காலிலை மிதிபடும்" என்றாள். எங்கள் ஆட்களில் அனேகம் பேர் அப்படித்தான் சொல்லுவார்கள். அண்ணை இரண்டு மரத்தையும் இழுத்துக்கொண்டுபோய், ஒருவரும் நடக்காத இடம் என்று வேலியோரமாகக் கிடத்தினார். வாடியபின் நறுக்கி மண்ணுக்குப் பசளையாகப் போட்டாயிற்று. அதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன்.

மூன்றாம் கிழமை அண்ணையிடமிருந்து போன் வந்தது.

"பிள்ளை, வேலிக்கரைப் பாத்தியிலை கொஞ்ச மிளகாய்க் கண்டு ஒரு மாதிரி நிக்குது. வாற நேரம் ஒருக்காப் பாரன்."

போனேன். நான் தொட்ட அதே பாத்தி. குருத்திலைகளில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்திருந்தது. சில இலைகள் ஒடுங்கத் தொடங்கியிருந்தன. அடுத்த பாத்தியில் ஒன்றுமில்லை.

"குருமனோ?" என்று அண்ணை கேட்டார். மிளகாய் இலை சுருளுகிற எந்த நோயையும் எங்கள் தோட்டக்காரர் அப்படித்தான் கேட்பார்கள்.

"இல்லைப் போலை. இலை கொண்டுபோய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"பிடுங்கிவிடட்டோ?"

அப்போதே ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையை எழுதுகிறேன்: நான் அன்று என் அண்ணைக்குப் பயந்தேன். அவர் கோபப்படுவார் என்றல்ல. கோபப்படாமல் விட்டுவிடுவார் என்றுதான்.

பிடுங்குவதற்குப் பதிலாக வேறு வழி செய்தேன். பாத்தி முழுவதற்கும் சவர்க்காரத் தண்ணீர் அடித்து, புதுத் தம்பதிக்கு அன்பளிப்பாக வந்த, படுக்கைக்குக் கட்டும் நுளம்பு வலைகள் மூன்றை வாங்கித் தடி நட்டு மூடினேன். அந்தப் பாத்தியிலிருந்து பூச்சி பறந்து மற்றக் கன்றுகளுக்குப் போகாமல் இருந்தால் போதும். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, உங்கடை மிளகாய்க்கு டெங்குவோ?"

அண்ணை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே நிற்பது மூதேவியாக இருந்தால் அந்த மனிதரின் தோட்டமும் சேர்ந்துதான் போகும்.

அன்றிரவே செய்திருக்கக்கூடிய சோதனையை அடுத்த நாள் காலைவரை தள்ளிப்போட்டேன். முடிவு வந்தது. மூன்று துண்டில் இரண்டு மிளகாய் வைரசினுடையவை. மூன்றாவது துண்டு வாழையினுடையது. கலப்பு. என் வலைவீட்டில் நான் செய்துகொண்டிருந்த அதே வேலை, அண்ணையின் பாத்தியில்.

முடிவை இன்னொரு தரம் வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் மூளை வேலை செய்தது. மூதேவியில் வாழையிலிருந்து வந்தது இரண்டாவது துண்டு. இதில் மூன்றாவது. ஆகவே இது மூதேவி இல்லை. ஆனாலும் என் வலைவீட்டில் எல்லா விதக் கலப்பும் பிறந்திருந்தன. அவற்றில் வேறொன்று என் விரலில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். துண்டுகளை எழுத்தெழுத்தாக வாசித்து, என்னிடம் இருப்பவற்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினேன். கூடவே அண்ணையின் இலைச் சாற்றை வலைவீட்டில் பத்து மிளகாய்க் கன்றுக்குத் தடவி, தனி மூலையில் வைத்தேன். அது எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்க.

காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்லுவதற்கு அதிகம் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் அண்ணை வீட்டுக்குப் போனேன். தோட்டத்துக்குள் நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒன்றையும் தொடவில்லை. தண்ணீர்ப் பைப்பைக்கூடத் தொடவில்லை. மச்சாள் மிச்சப் பலகாரத்தைத் தட்டில் வைத்து, "என்ன, முகம் செத்துப்போய்க் கிடக்குது, சுகமில்லையோ?" என்று கேட்பாள். வேலை கூட என்பேன். அண்ணை ஒன்றும் கேட்கமாட்டார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இறைப்பைப் பற்றியும் மகளின் புது வீட்டைப் பற்றியும் கதைப்பார். ஒரு நாள், "நீ பாக்கிறாய்தானே, எனக்கென்ன கவலை" என்றார். அன்று திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்து அழுதேன்.

ஒரு மாற்றம் மட்டும் தெரிந்தது. மூதேவி பத்து நாளில் கன்றைக் குறாவ வைத்தது. நுளம்பு வலைக்குள் நின்றவை பத்து நாள் கடந்தும் குறாவவில்லை. இரண்டாம் கிழமை முடிவில் தேமல் விழுந்த இலைகளுக்கு மேலே புது இலைகள் வரத் தொடங்கின. பச்சையாக, அகலமாக, ஒரு புள்ளி இல்லாமல். நம்பப் பயந்தேன். வலைவீட்டில் சாறு தடவிய பத்துக் கன்றையும் போய்ப் பார்த்தேன். அவையும் அதே மாதிரி, முதலில் கொஞ்சம் சிணுங்கி, பிறகு தேறிக்கொண்டிருந்தன. இந்த அடுக்குகள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. வாழைத் துண்டைச் சேர்த்துக்கொண்டதால் அந்த வைரசுக்கு மிளகாய்க்குள் ஓடித்திரியும் வலு குறைந்துபோயிற்று. பெற்ற இரண்டையும் விட நோஞ்சான் பிள்ளை.

தோட்டம் தப்பும் என்று தெரிந்தது. நான் தப்புவேனா என்பது கொழும்பில் இருந்தது.

பங்குனி தொடங்கிய ஒரு காலை கொம்பியூட்டரைத் திறந்தபோது முடிவு வந்து கிடந்தது. ஒரு பக்கத்தில் அண்ணையின் பாத்தி, மறுபக்கத்தில் என் வலைவீடு. வரிவரியாக ஒப்பிட்டேன். மிளகாய்த் துண்டுகள் இரண்டும் என்னுடையவை இல்லை. வாழைத் துண்டும் என்னுடையது இல்லை. ஓர் இடம் இரண்டு இடம் மாறியிருந்தால் சந்தேகப்படலாம். இது தலையிலிருந்து கால்வரை வேறு ஆள். மிளகாய் வைரசு முன்பே அந்தத் தோட்டத்தில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. வாழை வைரசு எங்கிருந்தோ வந்து அதோடு சேர்ந்திருக்கிறது. என் கையில் இருந்து எதுவும் போகவில்லை. மூன்று தரம் ஒப்பிட்டேன். பிறகு அழுகை வந்தது. தப்பினேன் என்கிற வெறும் சுயநல அழுகை. முகத்தைக் கழுவினேன். கையையும்தான்.

அன்று பின்னேரமே சுன்னாகத்துக்குப் போனேன். அண்ணை கிணற்றடியில் மோட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மச்சாள் என்னைப் பிடித்து உள்ளே இருத்திவிட்டாள். கலியாண அல்பம் வந்திருந்தது. கலியாண வீட்டுக்கு வந்தவர்களுக்குக்கூட அல்பத்தைக் காட்டாமல் விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மணவறை, தாலி, கன்னிகாதானம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நடுவில் ஒரு பெரிய படம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாசலில், இரண்டு வாழைக்கும் நடுவில் நிற்கிறார்கள். குலைகள் உண்மையிலேயே அழகு. மாப்பிள்ளையின் தலைக்கு மேலே வாழையிலை ஒன்று வெயிலில் விரிந்து நிற்கிறது. அதில் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை மஞ்சள் கீறல்கள். புத்தகத்தில் போடுகிற மாதிரித் தெளிவான தேமல்.

இருபது வருஷமாக அதே கீறலைத் தேடித்தான் நான் தோட்டம் தோட்டமாகத் திரிகிறேன். நீர்வேலியில் ஒரு மணித்தியாலம் அதற்கு முன்னால் நின்றேன். குலையைப் பார்த்தேன், சீப்பைப் பார்த்தேன், உயரத்தைப் பார்த்தேன். இலையைப் பார்க்கவில்லை. வாசலில் நாலு நாள், பிறகு அந்த வேலியோரப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கிழமை. பறக்கிற அழுக்கணவன் அதில் ஒரு வாய், மிளகாயில் ஒரு வாய் குடிக்க வேறு என்ன வேண்டும்? சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது.

"என்ன சிரிப்பு? மாப்பிள்ளையின்ரை தலைப்பா சரிஞ்சு கிடக்குதோ?" என்று மச்சாள் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து நீர்வேலிக்குப் போய், அதே அடியில் முளைத்த வாழைக் குட்டியின் இலையை வாங்கி வந்தேன். அந்த மூன்றாவது துண்டு அச்சொட்டாகப் பொருந்தியது. தோட்டக்காரரிடம் சொல்லி அந்தப் புதரையும் எடுப்பித்தேன். அது பிந்திய கதை.

அன்று அல்பத்தை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணை நுளம்பு வலையடியில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். புகையிலைப் பாலையும் சொன்னேன், வலைவீட்டையும் சொன்னேன், கொழும்பையும் வாழையையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அப்ப உன்ரை வலைவீடு சுத்தம். கண்தான் ஊத்தை."

"ஓம் அண்ணை."

"அண்டைக்கு நீ உந்தப் பாத்தி முடிவிலை நிண்டு விரலை மணந்து பாத்தனீ. நான் பந்தலுக்குள்ளை நிண்டு கண்டனான்."

அவர் குனிந்து வலையின் முதல் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அதுக்குப் பிறகு கண்டு நோயாப்போச்சு. நீ கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு திரியிறாய். எனக்கு விளங்காதே?"

"விளங்கினால் ஏன் கேக்கேல்லை?"

அவர் வலையின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். "கேட்டால் நீ ஓம் எண்டிடுவாய். பிறகு நீ இந்தப் படலைக்குள்ளை வரமாட்டாய். மிளகாய் வாற வருஷமும் நடலாம்."

வலையைச் சுருட்டித் தோளில் போட்டார். கன்றுகளில் முதல் காய் பிடித்திருந்தது. பாத்தி ஓரத்தில் கிடந்த பனையோலைக் கடகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பாத்தியிலை காயை நீ ஆய்."

என் கைகள் அப்போதும் பின்னால்தான் இருந்தன. "பொறண்ணை, கையைக் கழுவிக்கொண்டு வாறன்" என்றேன்.

"இவ்வளவு நாளும் கழுவினது காணும்," என்றார் அண்ணை. "ஆய்."